மத்தியானத்தில் பூங்காவைப் பூட்டாதீர்கள்

பெங்களூரின் பூங்காக்களையும் பொது அரங்குகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் அல்சூரில் வசிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்க மலர், கருமாதிப் பத்திரிகை என்று தமிழில் எது வந்தாலும் கம்ப்யூட்டரில் அடித்து, பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கடிதமும் தமிழில்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் ஒரு கன்னட டீச்சர் இருக்கிறார். அவர் கன்னடத்தில் மாற்றிக் கொடுக்கும் பிரதி உங்கள் மேஜைக்குத் தனியாக வரும். உங்களிடம் நான் என்ன கேட்டேன் என்று இந்த ஊரில் தமிழ் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை 10 மணிக்கு மூடி மாலை 4 மணிக்குத் திறக்கிற சின்னப் பூங்காக்களை அந்த ஆறு மணி நேரமும் திறந்து வையுங்கள். நிழலில் பெஞ்சு போடுங்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவரை எழுப்பாதீர்கள்.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்விட்டு இந்திரா நகர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டே முக்கால் இருக்கும். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன். “இரு, பத்து நிமிஷம் பார்க்குல உக்காந்துட்டுப் போலாம். கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது” என்றார். பார்க் எதிரிலேயே இருந்தது. ரோட்டைத் தாண்டிப் போனால் கேட்டில் பூட்டு. மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூட்டின் மேல் நந்தினி பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். கவர் வெயிலில் காய்ந்து மஞ்சளாகிப்போயிருந்தது. ரொம்ப நாளாக நடக்கிற வழக்கம் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

கம்பி வழியாகப் பார்த்தால் உள்ளே பெரிய தூங்குமூஞ்சி மரம். அதைச் சுற்றிப் பாய் விரித்தது மாதிரி நிழல். நிழலின் ஓரத்தில் இரண்டு சிமென்ட் பெஞ்சு. ஒரு ஆள் இல்லை.

வாட்ச்மேன் வெளியே, காம்பவுண்ட் சுவரை ஒட்டிய ஒரு முழ நிழலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். ராய்ச்சூர் பக்கத்துக்காரர். “நால்கு கண்ட்டெகெ தெகீத்தீவி அம்மா” என்றார். நாலு மணிக்குத் திறப்போம் என்று. சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. திறந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் சேரைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அம்மா கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் வெயிலில் நின்றார். இதனால்தான் எந்தப் பூங்கா என்று நான் எழுதவில்லை. அவருக்கு ஒரு மெமோ வரக்கூடாது.

அந்தப் பார்க்கை அம்மாவுக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். இந்திரா நகரில் மூன்று வீட்டில் வேலை செய்தார். காலை ஆறரைக்கு ஒரு வீடு, ஒன்பதுக்கு இன்னொரு வீடு. பதினொன்றரைக்கெல்லாம் அது முடிந்துவிடும். மூன்றாவது வீட்டில் மூன்றரைக்குத்தான் வரச்சொல்வார்கள். நாங்கள் அப்போது லிங்கராஜபுரத்தில் இருந்தோம். வீட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் பஸ் டிக்கெட்டிலேயே அன்றைய காய்கறிக் காசு கரைந்துவிடும். அதனால் அந்த நாலு மணி நேரம் அம்மாவுக்கு அந்தப் பார்க்தான் வீடு. கூட ஐந்தாறு பெண்கள் இருப்பார்கள். ஒருவர் குடியாத்தம், ஒருவர் குப்பம், ஒருவர் தங்கவயல், இரண்டு பேர் மாண்டியா பக்கம். டப்பாக்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். சீட்டுப் பணம் அங்கேதான் எண்ணப்படும். முதுகு வலி உள்ள ஒரு அக்கா சாப்பிட்டதும் முந்தானையைத் தலைமாட்டில் சுருட்டி வைத்து பெஞ்சில் நீட்டிப் படுத்துவிடுவார். சரியாக மூன்று மணிக்கு யாராவது ஒருவர் அவரைத் தட்டி எழுப்பவேண்டும். அது எழுதாத ஒப்பந்தம்.

பள்ளிக்கூட லீவு நாட்களில் அம்மா என்னையும் கூட்டிப்போவார். தங்கவயல் அக்காவுக்குப் படிக்கத் தெரியும். போண்டா மடித்து வந்த பேப்பராக இருந்தாலும் தமிழில் இருந்தால் விரித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். கொலைச் செய்தியானாலும் சரி, ராசிபலன் ஆனாலும் சரி, ஒரே குரலில் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். நான் படித்தது கன்னட மீடியம். ‘ழ’வையும் ‘ள’வையும் ‘ல’வையும் விரலால் பிரித்துக் காட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அக்காதான். எண்ணெய் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆன பேப்பரில், அந்த சிமென்ட் பெஞ்சில், மத்தியான வேளையில் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு நான் சோறு சாப்பிடுவது அந்த எழுத்தை வைத்து. அப்போது அந்த கேட்டுக்குப் பூட்டே கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். விறகுக்கட்டோ நெல் மூட்டையோ தலையில் வைத்து நடந்து வருகிறவர், யாரையும் கூப்பிடாமல் தானே சுமையைச் சாய்த்து இறக்கலாம், தானே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. வீட்டுக்கு முன்னால் திண்ணையும் இப்படித்தான். கன்னடத்தில் அதை ஜகலி என்பார்கள். அரச மரத்தைச் சுற்றிக் கட்டிய மேடைக்கு அரளி கட்டெ என்று பெயர். பசவனகுடி, மல்லேஸ்வரம் பக்கத்துத் தெருக்களில் நாகக் கற்களோடு இன்னும் நிற்கின்றன. யார் நீ, எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று கேட்காத இடங்கள் அவை. கன்னடக்காரருக்கும் தமிழருக்கும் இந்த விஷயத்தில் பழக்கம் ஒன்றுதான்.

ஊர் பெரிதானதும் அந்தத் திண்ணை வேலையைப் பூங்காக்கள் ஏற்றுக்கொண்டன. லால்பாக்கை ஹைதர் அலி 1760-ல் தொடங்கினார், திப்பு சுல்தான் வளர்த்தார். இன்றைக்கு 240 ஏக்கர். அங்கே இருக்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் வைத்தார்கள். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் அதற்குள்தான் மலர்க் கண்காட்சி. அம்மாவுக்குக் கண்காட்சியில் அவ்வளவு ஆர்வம் கிடையாது, கூட்டத்தில் தள்ளுகிறார்கள் என்பார். அவருக்குப் பிடித்தது பாறை. கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைக்கு சுமார் 300 கோடி வயது என்று நிலவியல்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் அது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்திருக்கும். சாயந்திரம் ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தால் அந்தச் சூடு மெல்ல இடுப்பில் ஏறும். “ஒத்தடம் குடுக்குது பாரு” என்று என் கையைப் பிடித்துக் கல்லில் வைத்துக் காட்டுவார். சுற்றிலும் பார்த்தால் பொரி கொறிக்கிற குழந்தைகள், ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத பையன்கள், ஜபமாலை உருட்டுகிற ஒரு பெரியவர். எல்லோரும் ஒரே கல்லின் மேல்.

கப்பன் பார்க் 1870-ல் வந்தது. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி திட்டமிட்டது. முதலில் சுமார் 100 ஏக்கராக இருந்து பிறகு விரிந்தது. வேலை நாள் மத்தியானம் ஒரு தடவை அங்கே வந்து பாருங்கள். ஹைகோர்ட்டுக்கு வழக்கு விஷயமாக வந்து, மதியத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவர்கள் புல்லில் உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர்கள் மூங்கில் புதர் நிழலில் துண்டு விரித்துத் தூங்குவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இருக்கிற நூலகத்திலிருந்து வெளியே வந்து, மரத்தடியில் டப்பாவைப் பிரிப்பார்கள். சிவப்பாக நிற்கிற அந்தக் கட்டடம் 1915-ல் கட்டியது. சனிக்கிழமை வந்தால், ஆளுக்கொரு புத்தகத்தோடு புல்லில் பேசாமல் படிக்கிற கூட்டம். 2023-ல் தொடங்கியது, இப்போது மற்ற ஊர்களிலும் பார்த்துச் செய்கிறார்கள். கப்பன் பார்க்கை மத்தியானத்தில் பூட்டுவது கிடையாது. அதனால் எந்தக் குடியும் முழுகிப்போகவில்லை.

லால்பாக்கும் கப்பன் பார்க்கும் தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. 1975-லேயே அரசுப் பூங்காக்களைக் காப்பாற்ற ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். சுரங்கச் சாலைக்காக லால்பாக்கின் ஓரத்தில் நிலம் எடுக்கும் பேச்சு 2025-ல் வந்தபோது ஊரே கொதித்தது. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். நிற்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கிற சின்னப் பூங்காக்கள் ஆயிரத்துக்கும் மேல். அவை மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. அங்கே ஒரு சதுர அடி நிலமும் பறிபோகவில்லை, எல்லாம் பத்திரமாக வேலிக்குள் இருக்கிறது, ஆனாலும் வேலைக்காரப் பெண்களுக்கு அது பறிபோய்விட்டது. இதற்காக யாரும் பதாகை பிடித்து நான் பார்க்கவில்லை.

2024-ல் ஒரு நல்ல செய்தி வந்தது. மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். பேப்பரில் வந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ மத்தியானமும் சேர்த்துதானே?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். சில இடங்களில் உண்மையிலேயே திறந்தார்கள், அதற்கு நன்றி. நாங்கள் போய் நின்ற கேட்டுக்கு மட்டும் அந்த அறிவிப்பு வந்து சேரவில்லை. இப்போது பழைய பெரிய மாநகராட்சி போய், 2025 செப்டம்பரிலிருந்து ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன. புதுப் பலகை, புது நாற்காலி, புதுக் கோப்பு. பழைய பழக்கத்தை விடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும், கேட்டிருக்கிறேன். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் பாய்ச்ச நேரம் வேண்டும் என்பார்கள். சரி, வேண்டும்தான். பாதி பார்க்குக்கு ஒரு நாள், மீதிப் பாதிக்கு மறுநாள் பாய்ச்சலாம். உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் சொன்னால் அவர்களே எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். ஆள் இல்லை என்பார்கள். வாட்ச்மேன் பூட்டின கேட்டுக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். அவரை உள்ளே மரத்தடியில் உட்காரவிட்டால் போதும். அப்புறம், குடிக்கிறார்கள், கஞ்சா அடிக்கிறார்கள் என்பார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, எனக்கும் வயதுக்கு வந்த மகன் இருக்கிறான். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில்தான் பாட்டில் உருளும். சுவர் ஏறிக் குதிக்கிறவனுக்குப் பூட்டு ஒரு தடையா? டப்பாவைத் திறந்துவைத்து ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில் எவனும் வந்து பாட்டிலைத் திறக்கமாட்டான். அம்மா காலத்தில் ஒருவன் வந்தானாம். மாண்டியா அக்கா எழுந்து இடுப்பில் கை வைத்ததும் வந்த வழியே போய்விட்டானாம். காதல் ஜோடிகள் வருகிறார்கள் என்ற புகாரும் உண்டு. பேசிவிட்டுப் போகட்டுமே.

இன்னொரு காரணத்தை உங்கள் ஆட்கள் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களே சில இடங்களில் பூட்டச் சொல்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். காலையில் நீங்கள் அந்தப் பாதையில் வேகவேகமாக நடக்கும்போது உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர்தான், மத்தியானம் அந்த கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவர். உங்கள் வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கிறது. பூங்காவின் பெஞ்சை மட்டும் அவரிடம் நம்பிக் கொடுக்கக்கூடாதா?

2023 ஜூன் 11-ல் இந்த மாநிலத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை என்றானது. என் அம்மாவுக்கு எழுபது வயது ஆகப்போகிற சமயத்தில் ஊர் திரும்பக் கிடைத்தது. மெஜஸ்டிக் போகிறார், லால்பாக் போகிறார், சிவாஜி நகர் மாதா கோயிலுக்குப் போகிறார். அதற்கும் முன்னால் 2017-ல் இந்திரா கேன்டீன் வந்தது. பத்து ரூபாய்க்கு மத்தியானச் சாப்பாடு. இரண்டும் பெரிய காரியம். கும்பிட்டுச் சொல்கிறேன். ஆனால் கேன்டீனில் உயரமான மேஜையில் தட்டை வைத்து நின்றுகொண்டுதான் சாப்பிடவேண்டும். முழங்கால் போனவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நடைபாதை விளிம்பில் குந்துகிறார்கள். பஸ் கூட்டிவந்து விட்டுவிட்டது, கேன்டீன் சோறு போட்டுவிட்டது, உட்கார ஒரு இடம் மட்டும் பாக்கி. அதைக் கொடுப்பதற்குப் புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை, ஏற்கெனவே கட்டியதைத் திறந்தால் போதும். உணவு டெலிவரி பையன்களும் வண்டி மேலேயே சாய்ந்து கிடக்கிறார்கள். சென்னையில் அவர்களுக்கென்று 2025-ல் அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறையே திறந்துவிட்டார்கள். நமக்கு இந்த ஊர்க் காற்றே போதும், மரம் இருந்தால்.

சிவாஜி நகர் மாதா கோயிலைச் சொன்னேன். எங்கள் வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அம்மா அங்கே போய் வளாகத்தில் உட்காருவார். செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவிப் புடவை கட்டிவரும் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர். மற்ற நாட்களில் மார்க்கெட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பர்தா போட்ட பெண்கள்கூடப் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். நீ எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

எம்.ஜி. ரோட்டிலும் அப்படி ஒரு இடம் இருந்தது. பரேடு மைதானத்தை ஒட்டி, மரங்களும் காகிதப்பூக் கொடிகளுமாக ஒரு நீண்ட நடைபாதை. பூலவார்ட் என்பார்கள். அப்பா சம்பளம் வாங்கின சனிக்கிழமை எங்களை அங்கே கூட்டிப்போவார். எதுவும் வாங்கமாட்டோம். வேர்க்கடலை மட்டும். குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எதிரே எரிகிற கடை விளக்குகளைப் பார்த்துவிட்டு வருவோம். மெட்ரோ வந்தபோது அந்த நடைபாதை போனது. 2011-ல் முதல் ரயில் ஓடியது, 2013-ல் ஸ்டேஷனுக்குக் கீழே கலை மையமும் கட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, என் மகன் தினமும் அதில்தான் போய்வருகிறான். அப்பா இல்லாத இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா ஒரு நிமிஷம் நிற்கிறார். எங்கே உட்கார்ந்தோம் என்று கண்ணால் தேடுவார்.

அரங்குகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அம்மா வேலை செய்த வீட்டுப் பெண்ணுக்கு அரங்கேற்றம். ஆறு மணிக்கு நிகழ்ச்சி, பஸ் சீக்கிரம் கிடைத்ததால் அம்மா நாலரைக்கே போய்விட்டார். பட்டுப் புடவை கட்டி, கையில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைப் பொட்டலமாக வைத்திருந்தார். கதவு ஐந்தே முக்காலுக்குத்தான் திறக்கும் என்றார்கள். வாசலில் ஒரு நாற்காலி இல்லை, திட்டு இல்லை. படியில் உட்கார்ந்தார். உட்காரக்கூடாது, வழியை மறைக்கிறது என்று எழுப்பிவிட்டார்கள். அவர் ஏறவேண்டிய பதினான்கு படிக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. “உள்ள போனா மெத்தை சேரு, வெளிய ஒரு கல்லுகூட இல்லடி” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். எந்த அரங்கம் என்பது முக்கியமில்லை, இப்படி இன்னும் இருக்கலாம். 1935-ல் கட்டிய டவுன் ஹாலின் அகலப் படிகளில் எத்தனையோ கூட்டங்கள் உட்கார்ந்து எழுந்திருக்கின்றன. ஜே.பி. நகரில் 2004-ல் வந்த ரங்க சங்கராவில் நாடகத்துக்கு முன்னால் வெளியே சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அங்கே தமிழ் நாடகம் போட்டபோது நான் போயிருக்கிறேன். வயலின் வடிவத்தில் கட்டிய சௌடையா அரங்கத்தைக் காட்ட ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்களைக் கூட்டிப்போகிறோம், வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறோம். எல்லா அரங்குக்கும் வெளியே, டிக்கெட் இல்லாதவரும் உட்காரும்படி நீளமாக ஒரு கல் திண்ணை கட்டுங்கள். படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள். பெரிய பட்ஜெட் வேலை இல்லை இது.

ஹைகோர்ட்டாக இருக்கிற அட்டாரா கச்சேரியின் கதையும் எனக்கு இதையொட்டி ஞாபகம் வருகிறது. 1868-ல் முடிந்த கட்டடம். கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-ல் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்ட்டில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய அதே தமிழர். 1980-களில் அந்தக் கட்டடத்தை இடிக்கப் பேச்சு எழுந்தபோது ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், கட்டடம் நின்றது. இந்த ஊர் ஜனங்களுக்குத் தங்கள் பொது இடங்களின் மேல் உரிமை உணர்வு உண்டு. மத்திய சிறை இருந்த இடத்தை 2008-ல் ஃப்ரீடம் பார்க் ஆக்கினோம். நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாயியும் அத்வானியும் அடைபட்டிருந்த சிறை அது. அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் வள்ளுவர், சிலை வேண்டாம் என்ற எதிர்ப்பால், 1991-லிருந்து பதினெட்டு வருஷம் மூடிய துணிக்குள் நின்றார். 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தார்கள். வள்ளுவரைத் திறந்த அன்றைக்கு அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட்டத்தில் நசுங்கி நின்று பார்த்தார். பெரிய பெரிய சண்டையையெல்லாம் தீர்த்துத் திறந்துகாட்டிய ஊரில், ஒரு தெருமுனைப் பூங்காவின் கேட் எம்மாத்திரம்?

திறக்கும்போது இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். புதிதாகப் போடுகிற பெஞ்சுகளில் நடுநடுவே இரும்புக் கைப்பிடி வைத்துப் பிரித்துவிடுகிறார்கள், யாரும் படுக்கக்கூடாது என்று. படுத்தால் என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வீட்டுத் தரையைக் குனிந்து துடைத்த முதுகு அது. அரை மணி நேரம் நீட்டினால்தான் மூன்றாவது வீட்டில் குனியமுடியும். கைப்பிடி வேண்டியவர்கள் இருக்கிறார்கள், என் அம்மாவுக்கே இப்போது ஊன்றி எழுந்திருக்க ஒன்று வேண்டும். இரண்டு ஓரத்திலும் வையுங்கள். நடுவை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று கழிவறை. இதைப் பெண்கள் வெளியே பேசமாட்டார்கள், நான் பேசுகிறேன். அம்மா வேலை செய்த இரண்டு வீடுகளில் வேலைக்காரர்கள் பாத்ரூம் போகக்கூடாது. அதனால் காலை ஆறிலிருந்து மத்தியானம் வரை தண்ணீரே குடிக்கமாட்டார். பார்க்கில் ஒரு கழிவறை இருந்தது, கதவு சரியாக மூடாது, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கதவைப் பிடித்துக்கொள்வார். அதுவாவது இருந்தது. கேட்டைப் பூட்டினால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது. முப்பது வருஷம் தண்ணீரை அடக்கினதற்கு அம்மாவின் சிறுநீரகம் இன்று கணக்குக் கேட்கிறது. இப்போது வேலைக்குப் போகிற பெண்களுக்காவது அது வேண்டாம். தாழ்ப்பாள் விழுகிற ஒரு கதவு, தண்ணீர் வருகிற ஒரு குழாய், குடிக்க ஒரு குழாய்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். பூட்டு அப்படியே இருந்தது. பால் கவர் மட்டும் புதிது. வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு “அம்மா ஹேகித்தாரெ?” என்று விசாரித்தார். கேட்டுக்கு வெளியே, ஜல்லி கொட்டின மண்மேட்டில், மூன்று பெண்கள் மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் மூடியை எடுத்து டப்பாவை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து, அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதப்போகிறேன், நீ ஏதாவது சொல்லவேண்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அந்த இரண்டு பெஞ்சும் மரத்துக்கு மேற்கே போட்டிருக்கிறதாம். பன்னிரண்டரைக்கு மேல் அங்கே வெயில் வந்துவிடுமாம். அவர்கள் இருந்த காலத்திலும் பாதிச் சாப்பாட்டில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தரைக்கு இறங்கவேண்டியிருந்ததாம். திறக்கும்போது மறக்காமல் பெஞ்சை மரத்துக்குக் கிழக்குப் பக்கம் மாற்றிப் போடச்சொன்னார்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மகள்